காய்ச்சலும் தசையும் குருதியின் சான்றும்

இன்புளுவென்சாச் சுரத்திற் படுத்தெழுந்தவர்களை நோய் எவ்வாறிருந்தது என வினவினால், இருமலைப் பற்றியோ மூக்கடைப்பைப் பற்றியோ அவர்கள் முதலிற் கூறுவதில்லை. உடம்பெல்லாம் அடித்துப் போட்டாற்போல் இருந்தது என்றே கூறுவர். முதுகு, தொடை, கெண்டைக்கால் முதலாகக் கண்ணை அசைக்கும் சிறு தசைகள் ஈறாக எங்கும் நோவு பரவும். மூச்சுவழியிலே குடிபுகும் நோய் காலிலே வலிப்பதேன்? அவ்வலி, தசை உண்மையிலேயே சிதைகின்றது என்பதன் அடையாளமா, அன்றி வெறும் நோவு மாத்திரமா? இவ்வினாவுக்கு விடை தரக்கூடியது குருதி. ஆயின், குருதி தரும் விடையைப் படிக்கும் முறை அறியாவிடின், அஞ்சவேண்டாத இடத்தில் அச்சமும், அஞ்சவேண்டிய இடத்தில் அயர்வும் நேர்ந்துவிடும்.

முதலில் சாதாரண நோவின் காரணத்தை நோக்குவோம். இன்புளுவென்சா வைரசு மூக்கு, தொண்டை, மூச்சுக்குழாய், நுரையீரல் ஆகியவற்றின் உள்ளுறையிலுள்ள கலங்களிலேயே பெருகுகின்றது. பகைவனைக் கண்ட உடல் தன் காவற் படைகளை எழுப்புதற்குச் சில இரசாயனப் பொருள்களைக் குருதியிற் கலந்து விடுகின்றது. இன்றபெரோன் என்பது அவற்றுள் ஒன்று. உடலைச் சூடேற்றுவனவும் தசைகளை நோகச் செய்வனவும் பெரும்பாலும் இப்பொருள்களே. இதற்குத் தெளிவான சான்றும் உண்டு. வேறு நோய்களுக்காக இன்றபெரோனை மருந்தாக ஊசிமூலம் ஏற்றுக்கொண்டவர்களுக்கு, வைரசு எதுவும் தொற்றாதபோதும், இன்புளுவென்சாவில் வருவதைப் போன்ற சுரமும் உடல்நோவும் தோன்றுகின்றன. ஆகவே, காய்ச்சலின் முதல் இரண்டொரு நாள்களில் வரும் உடல்நோவு போர்முரசின் ஓசையேயன்றி, கோட்டை இடிந்த ஓசையன்று. இந்நிலையிலுள்ள பெரும்பாலானோரின் குருதியைப் பரிசோதித்தால், தசைச் சிதைவுக்குரிய அடையாளம் இயல்பான அளவிலோ, அதனிலும் சற்றே உயர்ந்தோ காணப்படும்.

அவ்வடையாளம் யாது? தசைக் கலம் ஒவ்வொன்றும் ஓர் உறையினால் மூடப்பட்டது. அதனுள்ளே சக்தியை வேண்டியபோது விரைந்து வழங்கும் பொருட்டு ஒரு நொதியம் நிறைந்திருக்கின்றது. அதன் பெயர் கிரியேற்றின் கைனேசு. மருத்துவ அறிக்கைகளில் அது சீ.கே. எனவும் சீ.பி.கே. எனவும் சுருக்கமாக எழுதப்படும். பாரந் தூக்குகையிலும் ஓடுகையிலும் தசை தன் சேமிப்பிலிருந்து சக்தியை எடுத்துச் செலவிட உதவுவது இதுவே. உடற்றசைகளிலும் இதயத்திலும் மூளையிலும் இது மிகுதியாக உண்டு. குருதியிலோ இயல்பாகச் சிறிதளவே காணப்படும். வளர்ந்தோரிடத்து ஒரு லீற்றருக்கு ஏறத்தாழ 200 அலகுகள் வரை இயல்பு எனக் கொள்வது வழக்கம். பரிசோதனைக்கூடத்தையும், ஆண் பெண் என்னும் வேறுபாட்டையும், உடற்கட்டையும் பொறுத்து இவ்வெல்லை மாறும்.

நெல் மூடைகளை ஏற்றிச் செல்லும் வண்டியொன்றைக் கற்பனை செய்யலாம். மூடைகளின் தையல் உறுதியாயிருக்கும்வரை தெருவில் நெல் சிந்துவதில்லை. சிந்திய நெல்லைக் காண்பவன் மூடையொன்று கிழிந்துள்ளது என அறிகின்றான். மிகுதியாகச் சிந்தியிருப்பின் கிழிவு பெரிது என ஊகிக்கின்றான். ஆனால் மூடையை எலி கடித்ததா, முள் கிழித்ததா, வண்டிக்காரன் கவனக்குறைவாக இழுத்தானா என்பதைச் சிந்திய நெல் சொல்லாது. கிரியேற்றின் கைனேசும் அத்தகையதே. தசைக் கலத்தின் உறை பழுதுற்றது என்பதை அது சொல்லும்; பழுதின் காரணத்தையோ முடிவையோ தானாகச் சொல்லமாட்டாது.

குருதியிற் கசியும் நொதியத்தைக் கொண்டு உள்ளுறுப்பின் சேதத்தை அறியும் முறை இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே வளர்ந்தது. 1954ஆம் ஆண்டில் நியூயோர்க்கைச் சேர்ந்த லடூ, உறொபிளெவிசுக்கி, கார்மன் என்னும் மூவர், மாரடைப்புக்கு ஆளானவர்களின் குருதியில் இன்று ஏ.எஸ்.ரீ. எனப்படும் நொதியம் உயர்வதைக் காட்டினர். 1959இல் யப்பானிய அறிஞர் செற்சுரோ எபாசியும் உடன் ஆய்வாளரும், தசைகள் படிப்படியாக நலிந்துபோகும் ஒரு நோயில் கிரியேற்றின் கைனேசு குருதியில் மிகுந்திருப்பதை வெளியிட்டனர். அன்றுதொட்டு இந்நொதியம் தசை நோய்களைத் தேடும் மருத்துவரின் கைவிளக்காயிற்று.

இவ்விளக்கு ஏற்றப்படுவதற்குச் சற்று முன்னர், 1957இல், சுவீடன் நாட்டு மருத்துவர் உலுண்ட்பேர்க் என்பார் விந்தையான ஒரு நோயை விவரித்திருந்தார். சளியும் காய்ச்சலும் கண்டு தேறிவரும் சிறுவர்கள் திடீரெனக் கெண்டைக்கால் வலியால் நடக்கவியலாது போயினர். ஆயினும் சில நாள்களில் முற்றாகக் குணமடைந்தனர். 1970இல் கனடாவின் ரொறன்ரோ நகர மருத்துவர்கள் இத்தகைய தசைநோவு, இன்புளுவென்சாவிலிருந்து தேறும் காலத்தில் வருவதை எடுத்துக்காட்டினர். இன்புளுவென்சா வைரசின் பி வகையே சிறுவரிடத்து இதனைப் பெரும்பாலும் உண்டாக்குகின்றது. ஏ வகையாலும் வருவதுண்டு.

இந்நோயின் தோற்றம் பெற்றோரை நடுங்கச் செய்வது. பாடசாலைப் பருவத்துச் சிறுவன் ஒருவன், பெண் பிள்ளைகளிலும் ஆண் பிள்ளைகளுக்கே இது மிகுதி, மூன்று நான்கு நாள் காய்ச்சலில் கிடக்கின்றான். காய்ச்சல் தணிகின்றது, வீட்டார் நிம்மதி அடைகின்றனர். மறுநாட் காலை அவன் கட்டிலை விட்டிறங்கியதும் நிற்க மறுக்கின்றான். நடந்தாலும் குதிக்காலை நிலத்தில் ஊன்றாமல் நுனிக்காலில் நடக்கின்றான்; அல்லது கால்களை அகல விறைப்பாக வைத்து நடக்கின்றான். கெண்டைக்காலைத் தொட்டால் அலறுகின்றான். கால் வழங்காத பிள்ளையைக் கண்டதும் இளம்பிள்ளை வாதமோ, நரம்பைத் தாக்கும் வேறு வாதமோ என்று வீடு கலங்குகின்றது.

இங்கேதான் குருதிப் பரிசோதனை பேருதவி புரிகின்றது. இச்சிறுவரிடத்துக் கிரியேற்றின் கைனேசு இயல்பளவினும் பலமடங்கு உயர்ந்து, ஆயிரக்கணக்கான அலகுகளை எட்டியிருக்கும். நரம்பு பாதிக்கப்படும் வாதங்களில் இவ்வாறு பெரிதும் உயர்வது வழக்கமன்று. அத்துடன் மருத்துவர் சிறுவனின் முழங்காலைத் தட்டிப் பார்க்கும்போது மறிவினை இயல்பாகவே இருக்கும். நோவினால் நடக்க மறுக்கின்றானேயன்றித் தசையின் வலு பெரும்பாலும் குன்றியிராது. உயர்ந்த எண்ணும் இயல்பான மறிவினையும் ஒருங்கு சேரும்போது, பழுது நரம்பிலன்று, தசையிலே என்பது தெளிவாகின்றது. முதுகிலே ஊசியேற்றி நீரெடுத்தல் முதலிய கடும் பரிசோதனைகளிலிருந்து பிள்ளை தப்பிவிடுகின்றான். ஓய்வும் நீருணவும் நோவு தணிக்கும் மருந்துமே சிகிச்சை. ஒரு கிழமைக்குள் அவன் மீண்டும் ஓடி விளையாடுவான். எண் பெரிது, நோயோ சிறிது.

ஆயினும் எல்லோரிடத்தும் இவ்வாறு முடிவதில்லை. சுவிட்சர்லாந்து மருத்துவர்கள் 2004இல் வெளியிட்ட தொகுப்பில், இன்புளுவென்சாவால் தசை அழற்சியுற்ற முந்நூற்றுக்கு மேற்பட்ட சிறுவரின் விவரங்கள் ஆராயப்பட்டன. அவர்களுள் நூற்றுக்கு மூவரளவினரிடத்துத் தசை பெருமளவிற் சிதைந்திருந்தது. அச்சிலருள் பெரும்பாலோருக்குச் சிறுநீரகமும் செயலிழந்தது. தசையின் கேடு சிறுநீரகத்தைத் தாக்குவது எங்ஙனம்?

இதற்கு விடை ஒரு போரின் இடிபாடுகளிலிருந்து கிடைத்தது. 1940, 1941ஆம் ஆண்டுகளில் இலண்டன் மாநகர்மீது குண்டுகள் பொழிந்தன. இடிந்த கட்டடங்களின் கீழே பல மணிநேரம் கைகால் நசுங்கிக் கிடந்து மீட்கப்பட்டோர் சிலர், முதலில் தேறுவார்போற் காணப்பட்டுப் பின்னர் சிறுநீர் குன்றி இறந்தனர். பைவாற்றேசு, பீல் என்னும் மருத்துவர்கள் 1941இல் இதனை ஆராய்ந்து எழுதினர். நசுங்கிய தசையிலிருந்து வெளிப்பட்ட மயோகுளோபின் என்னும் செந்நிறப் புரதம் சிறுநீரகத்தின் நுண்குழாய்களிற் சென்று சேர்வது பின்னர் தெளிவாயிற்று. குருதிக்கு ஈமோகுளோபின் எப்படியோ, தசைக்கு மயோகுளோபின் அப்படி. ஒட்சிசனைப் பிடித்து வைப்பது அதன் தொழில். தசைக்குள் இருக்கும்வரை நன்மை செய்யும் அப்பொருள், சிறுநீரகத்தினுட் பெருமளவிற் புகுந்தால் குழாய்களை அடைத்தும் நஞ்சூட்டியும் கேடு செய்கின்றது. தசை இடிபாட்டில் நசுங்கினாலென்ன, கடுங்காய்ச்சலிற் சிதைந்தாலென்ன, சிறுநீரகத்துக்கு விளையும் தீங்கு ஒன்றே.

இத்தீங்கின் முதல் அறிகுறியை எந்தக் கருவியும் இல்லாமலே காணலாம். சிறுநீர் பால் கலவாத கடுந்தேநீரின் நிறத்தை அடையும். பரிசோதனைக் கீலத்தை அதில் நனைத்தால் குருதி உண்டு எனக் காட்டும். நுணுக்குக்காட்டியில் நோக்கினாலோ செங்குருதிக் கலங்கள் காணப்படமாட்டா. கீலத்தை ஏமாற்றியது மயோகுளோபினே. இந்நிலையில் மருத்துவர் காலந் தாழ்த்தாது நாளத்தின் வழியாகத் திரவத்தை ஏற்றிச் சிறுநீரகத்தைக் கழுவி ஓடச் செய்வர். சிதைந்த தசையிலிருந்து பொற்றாசியமும் குருதியிற் கலப்பதால், இதயத் துடிப்பு நிலைகுலையாதபடி அதனையும் கவனிப்பர். கிரியேற்றின் கைனேசு 5000 அலகுகளைத் தாண்டும்போது சிறுநீரகத்தைப் பற்றிய விழிப்பு மிகவும் வேண்டும் என்பது மருத்துவர் பொதுவாகக் கொள்ளும் கணக்கு. அதனைத் தாண்டியும் தீங்கின்றித் தேறுவோர் உளர். ஆதலின் அவ்வெண் ஓர் எச்சரிக்கைக் கொடி, தீர்ப்பன்று.

இனி, நோயின் கடுமையை அறிய இவ்வெண் உதவுமா என்னும் வினா எழும். 2009ஆம் ஆண்டில் புதிய எச்1என்1 இன்புளுவென்சா உலகெங்கும் பரவியபோது இதற்கு முக்கியமான சான்றுகள் கிடைத்தன. மெக்சிக்கோ நகரின் தேசிய சுவாச நோய் நிறுவனத்தில் அந்நோயால் நிமோனியா கண்டு அனுமதிக்கப்பட்ட முதற் பதினெண்மரின் விவரம் அவ்வாண்டிலேயே வெளியாயிற்று. அவர்களுள் நூற்றுக்கு 62 பேர் வீதத்தினரிடம் கிரியேற்றின் கைனேசு உயர்ந்திருந்தது. இழையங்கள் பழுதுறும்போது உயரும் எல்.டி.எச். என்னும் நொதியமோ எல்லோரிடத்தும் உயர்ந்திருந்தது. பன்னிருவருக்குச் சுவாசப் பொறி தேவைப்பட்டது, எழுவர் இறந்தனர். அதே தொற்றின்போது இசுப்பெயின் நாட்டின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளிற் சேர்க்கப்பட்ட ஐந்நூற்றுக்கு மேற்பட்டோரை ஆராய்ந்தவர்கள், ஏறத்தாழ நான்கில் ஒருவரிடம் இந்நொதியம் 500 அலகுகளைக் கடந்திருந்ததையும், அத்தகையோரிடத்துச் சிறுநீரகப் பழுது மிகுதியாயிருந்ததையும் கண்டனர்.

இவ்விரு காட்சிகளையும் அருகருகே வைத்து நோக்குதல் வேண்டும். கெண்டைக்கால் நோவுடன் வந்த சிறுவனின் எண் 5000. அவன் ஒரு கிழமையில் ஓடுகின்றான். மூச்சுத் திணறி வந்த ஒருவரின் எண் 1000. அவரோ உயிருக்குப் போராடுகின்றார். ஒரே நொதியம் இருவேறு செய்திகளைத் தருவதேன்? சிறுவனிடத்துக் கேடு காலின் சில தசைகளோடு நின்றுவிட்டது. மற்றவரிடத்தோ ஒட்சிசன் குறைவு, குருதியமுக்கத் தாழ்வு, உடல்முழுதும் பரவிய அழற்சி என்பன தசையையும் தாக்கியிருக்கலாம். அங்கு உயர்ந்த எண் நோயின் வேர் அன்று. நோய் எவ்வளவு தூரம் பரந்துள்ளது என்பதன் ஓர் அடையாளமே. பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பர். குருதியின் விடயத்தில் அப்பழமொழி செல்லாது. ஓர் எண்ணைக் கொண்டு ஒரு மனிதனின் நிலையைப் பதம் பார்த்தல் ஆகாது.

காலத்தையும் கணக்கிற் கொள்ளவேண்டும். தசை சிதைந்ததும் முதலில் உயர்வது மயோகுளோபின். அது சில மணிநேரத்தில் உயர்ந்து ஏறத்தாழ ஒரு நாளில் மறைந்துவிடக்கூடும். கிரியேற்றின் கைனேசு பல மணிநேரத்தின் பின் உயரத் தொடங்கி, ஒன்று முதல் மூன்று நாள்களில் உச்சத்தை அடையும். சிதைவு நின்றபின் நாடோறும் ஏறத்தாழ அரைப்பங்காகக் குறைந்து செல்லும். எனவே ஒருமுறை எடுத்த குருதி ஒரு நிழற்படம் போன்றது. மறுநாளும் அதற்கடுத்த நாளும் எடுத்துப் பார்த்தாலன்றி நோய் ஏறுகின்றதா இறங்குகின்றதா என்பது புலப்படாது. அறிக்கையில் கிரியேற்றினின் என்று இன்னொரு சொல்லும் காணப்படும். பெயர் ஒத்திருப்பினும் பொருள் வேறு. முன்னது தசையின் நொதியம். பின்னது சிறுநீரகம் கழித்துவிடவேண்டிய கழிவு. முன்னது இறங்கும்போதும் பின்னது ஏறுமாயின், தசை தேறினும் சிறுநீரகம் தளர்கின்றது என்பது பொருள்.

தவறான வழிக்கு இட்டுச் செல்லும் காரணங்களும் பல உள. கடுமையாக உழைத்தவர், புதிதாக உடற்பயிற்சி தொடங்கியவர், தசையிலே ஊசி போட்டுக்கொண்டவர் ஆகியோரிடத்து நோய் இல்லாமலே கிரியேற்றின் கைனேசு உயரலாம். கொழுப்பைக் குறைக்க உட்கொள்ளும் இசுற்றற்றின் வகை மருந்துகளும் சிலரிடத்து அதனை உயர்த்தும். ஏ.எஸ்.ரீ. ஈரலிலும் உண்டு, தசையிலும் உண்டு. அது உயர்ந்திருப்பதைக் கண்டு ஈரல் நோய் என மயங்கும்போது, உடன் பார்த்த கிரியேற்றின் கைனேசு உண்மையை வெளிப்படுத்துவதுண்டு. இதயமும் ஒரு தசையே ஆதலின், கசிவு இதயத்திலிருந்தா என்ற ஐயமும் எழும். அதனைத் தீர்ப்பது துரொப்போனின் என்னும் புரதம். தசைச் சுருக்கத்தை ஆளும் அப்புரதத்தை 1965இல் பிரித்தறிந்தவரும், முன்னர்க் குறிப்பிட்ட எபாசியே. இதயத்துக்குரிய துரொப்போனினின் உயர்வு இதயத்தின் பழுதைக் காட்டும். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் நடந்து 2018இல் வெளியான ஆய்வொன்று, இன்புளுவென்சா உறுதிப்பட்ட முதல் ஏழு நாள்களில் மாரடைப்பு நேரும் வாய்ப்பு ஏறத்தாழ ஆறு மடங்காவதைக் காட்டியது. ஆகவே காய்ச்சற்காரர் நெஞ்சு நோகின்றது என்றால், அதனை உடல்நோவின் ஒரு பகுதி எனத் தள்ளிவிடலாகாது.

இலங்கை வாழ் மக்களுக்கு மேலுமொரு கவனம் வேண்டும். காய்ச்சலும் தசைநோவும் கூடிவந்தால் அது இன்புளுவென்சாவாகத்தான் இருக்கும் என்பதில்லை. வயற்சேற்றில் இறங்கி உழைப்போரைத் தாக்கும் எலிக்காய்ச்சலிலும் கெண்டைக்கால் கடுமையாக நோகும், கிரியேற்றின் கைனேசு உயரும், சிறுநீரகமும் பழுதுறும். அந்நோய் 2008இல் இந்நாட்டிற் பெருமளவிற் பரவியது. டெங்குக் காய்ச்சலும் உடலை முறிப்பது போன்ற நோவைத் தரும். இவற்றுக்குரிய சிகிச்சைகள் வேறு வேறு. வயலில் இறங்கினேன், வெள்ளத்தில் நடந்தேன் என்று நோயாளர் மருத்துவரிடம் கூறும் ஒரு சொல், பரிசோதனைக்கூடத்தின் பல எண்களிலும் பயன் தரக்கூடும்.

சாதாரண காய்ச்சற்காரர் ஒவ்வொருவரும் இப்பரிசோதனையைச் செய்விக்க ஓடவேண்டியதில்லை. ஓய்வு, போதிய நீர், அளவறிந்து கொடுக்கும் பரசிற்றமோல் ஆகியவை பெரும்பாலோருக்குப் போதும். பிள்ளைகளுக்குக் காய்ச்சலில் அசுப்பிரின் கொடுத்தலாகாது. மூளையையும் ஈரலையும் தாக்கும் அரிய கொடுநோயொன்று அதனால் நேரக்கூடும். டெங்கு உலவும் இந்நாட்டில் அசுப்பிரினும் இபுபுரோபனும் வளர்ந்தோருக்கும் ஆபத்தானவை. பிள்ளை திடீரென நடக்க மறுத்தல், சிறுநீர் கருஞ்சிவப்பாதல் அல்லது குறைதல், நாளுக்கு நாள் தசை வலுவிழத்தல், தசை வீங்கி விறைத்தல், மூச்சு வாங்குதல், நெஞ்சு நோதல், அறிவு மயங்குதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் வைத்தியசாலையை நாடுதலே முறை. முதியோர், கருவுற்ற தாய்மார், நாட்பட்ட நோயுடையோர் ஆகியோர் காய்ச்சல் தொடங்கிய முதல் இரண்டு நாள்களுக்குள்ளேயே மருத்துவரைக் காண்பது நன்று. வைரசை ஒடுக்கும் மருந்து அக்காலத்திலேயே மிகுந்த பயன் தரும். ஆண்டுதோறும் இடப்படும் தடுப்பூசி இவர்களுக்குச் சிறந்த காப்பாகும்.

அறிக்கைத் தாளிலுள்ள எண்ணைக் கண்டு மனம் இடிந்துபோவோரும் உளர். எண் சிறிதென்று ஆறுதல் அடைந்து, நோயாளரின் மூச்சுத் திணறலைக் கவனியாது விடுவோரும் உளர். சிந்திய நெல்லை எண்ணுவதோடு நின்றுவிடாமல், மூடையையும் வண்டியையும் வண்டி செல்லும் வழியையும் சேர்த்துப் பார்ப்பவனே இழப்பைத் தடுக்கின்றான். மருத்துவரும் அவ்வாறே எண்ணோடு நோயாளரின் மூச்சையும் சிறுநீரையும் நடையையும் சேர்த்துப் படிக்கின்றார். அவற்றை நாடோறும் கண்ணாரக் காண்பவர்கள் வீட்டார். தாம் கண்டதைக் காலத்தோடு மருத்துவரிடம் எடுத்துரைத்தல் அவர்கள் பொறுப்பாகும்.